டேங்க் விளிம்பில் ஒரு பைரிப் பெட்டி

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கணவன் கருப்பசாமியோடு ஓசூருக்கு வந்த வீரலட்சுமி, சிப்காட்டில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். கப்பலேறும் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடிப்பது அவள் வேலை. நாடாவை ஒரு தடவை இழுத்து அளந்தால் போதும், மறுதடவை பார்க்க மாட்டாள்.

போன வருஷம் மார்ச்சில், பயன்பாட்டில் இல்லாத பழைய தண்ணீர் டேங்கின் அடியில் ஒரு முட்டை உடைந்து கிடந்தது. செங்காவி நிறம். அண்ணாந்து பார்த்தாள். நூறடி உயரத்தில், டேங்கைச் சுற்றி ஓடும் கான்கிரீட் விளிம்பில் கரிய முதுகுடன் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எழும்பி உயரப் போய், இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கல் மாதிரி விழுந்தது. வானத்தில் போய்க்கொண்டிருந்த புறா ஒன்றின் இறகுகள் பஞ்சாய்ப் பறந்தன. 

வீரலட்சுமி நேராகப் பராமரிப்பு மேஸ்திரி ஆஞ்சப்பனிடம் ஓடினாள். அவர் பர்கூர்க்காரர், முன்னால் கல்குவாரியில் வேலை பார்த்தவர். அது பைரி என்றும், பாறை இடுக்கில் இருக்கிற வல்லூறு என்றும், விளிம்பு சரிவாக இருப்பதால் முட்டை உருண்டிருக்கும் என்றும் சொன்னார்.

"அப்ப ஒரு பெட்டி அடிச்சு வச்சிருவோம்ணே" என்றாள் அவள்.

புறா எச்சத்தால் நொந்துபோயிருந்த ஆலை மேலாளர், வனத்துறையிடம் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். நவம்பரில் கழிவுப் பலகையில் பெட்டி தயாரானது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம். முன்பக்கம் திறப்பு, குஞ்சு விழாமலிருக்க ஒரு சாண் தடுப்பு, அடியில் மழைநீர் வடியத் துளைகள். பெட்டியைக் கயிற்றில் ஏற்றினார்கள். இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வீரலட்சுமியே மேலே போனாள். காற்று சேலைக்கு மேல் போட்டிருந்த கோட்டைப் படபடக்க வைத்தது. பயம் இருந்தது, அதைவிட உற்சாகம் அதிகமாக இருந்தது. பிற்பகல் வெயில் படாத கிழக்குப் பக்கத்தில் போல்ட் முடுக்கிவிட்டு இறங்கினாள்.

ஜனவரியில் ஜோடி வந்தது. பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து புறாவைத் தின்றது. உள்ளே மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். வீரலட்சுமி மறுபடி ஆஞ்சப்பனிடம் போய் நின்றாள்.

உள்ளே என்ன போட்டாய் என்று ஆஞ்சப்பன் கேட்டார். இயந்திரத்துக்குப் போடுவதுபோல மெத்தென்று மரச்சீவல் போட்டிருந்ததைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, குவாரியில அதுக்கு யாரு மெத்தை போட்டா? பொடிக்கல்லு மேலதான் நெஞ்சால குழி பறிச்சு முட்டை வெக்கும்."

அடுத்த திங்கட்கிழமை ஊரிலிருந்து ஒரு மூட்டை பொடிக்கல் கொண்டுவந்தார். கூரான கற்களைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சலித்து, பறவைகள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து வீரலட்சுமி மேலே ஏறிச் சீவலை வாரிவிட்டுக் கல்லைக் கொட்டினாள். நான்காம் நாள் பெண் பறவை உள்ளே போனது. அதன் முதுகு மட்டும் தெரிய, கல்லைத் தள்ளித் தள்ளி அசைந்தது. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தவள், பக்கத்தில் நின்ற ஆஞ்சப்பனின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். பிறகுதான் வெட்கம் வந்தது.

ஏப்ரலில் தடுப்புக்கு மேல் மூன்று வெள்ளைத் தலைகள் எட்டிப் பார்த்தன. பேக்கிங் பிரிவில் பேச்சே அதுதான். தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் ஆளுக்கொரு பேர் வைத்தார்கள்.

மே மாதம் ஒரு நாள், ஷிப்டு முடிந்து எல்லோரும் பஸ் ஏறும் நேரம். பெரிய குஞ்சு தடுப்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்த்தது, சட்டென்று குதித்தது. இருபதடி அப்படியே கீழே இறங்கியது.  அதற்குள் அதன் இறக்கை காற்றைப் பிடித்துக்கொண்டது. டேங்கை ஒரு சுற்று சுற்றி, கேன்டீன் தகரக் கூரையில் வந்து உட்கார்ந்தது, வழுக்கியது, மறுபடி நின்றது.

அவள் கருப்பசாமிக்குப் போன் போட்டாள்.

"பறந்துருச்சுங்க" என்றாள். பஸ் படியில் ஏறியவர்களும் இறங்கி வந்து கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குக் கம்பெனி பஸ்கள் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் கிளம்பின.