தில்லிக்குப் போன தாராவிப் பேச்சு

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பம்பாய் மாட்டுங்காவில் ஓர் அச்சகத்தின் மாடியறையில் எங்கள் தொகுதி எம்.பி. சனிக்கிழமைதோறும் ஜனங்களைச் சந்திப்பார். தட்டச்சு தெரிந்த, தமிழ் பேசுகிற ஆள் வேண்டுமென்று அப்பாவின் ஆபீஸ் நண்பரிடம் சொல்லியிருந்தார். “ஊர்ப்பட்ட மனுஷா வந்துபோற இடம்டீ” என்று அம்மா தயங்கினாள். நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

எம்.பி. மராத்திக்காரர். மில் தொழிலாளர்களுக்காக வாதாடிய வக்கீல். முதல் தேர்தலில் தோற்று, அடுத்ததில் ஜெயித்துத் தில்லிக்குப் போனவர். பெண்கள் எல்லோரையும் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார். மராத்தியில் அது அக்கா. தாராவிப் பெண்கள் அதைத் தமிழ்த் தாயி என்றே எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு சனிக்கிழமை தாராவியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். மாட்டுங்காவில் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். வந்ததும் உட்காரவில்லை, நின்றபடியே பேசினார்.

“ஐயா, நாங்க தெனமும் தண்டவாளத்தத் தாண்டித்தான் வேலைக்குப் போறோம். ஸ்டேஷன் பாலத்தச் சுத்திப் போனா முக்கா மணி நேரம் ஆவும். மொத வீட்டம்மா ஏழு மணிக்கே கதவத் தொறந்துட்டு நிப்பாவ. போன மாசம் எந்தங்கச்சிக்குக் கால் போயிட்டு. அவ கால யாரும் திருப்பித் தர முடியாது. மத்தவ காலாவது இருக்கட்டும்னுதான் வந்தேன். ஒரு பாலம் போட்டுத் தாங்க.”

நான் அதை ஹிந்தியில் சொல்லச் சொல்ல, எம்.பி. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு மனுவாக அடித்துத் தரச் சொன்னார். எனக்கு என் ஆங்கிலத்தின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. ‘பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்’ என்று தொடங்கி இரண்டு பக்கம் அடித்தேன். அவர் படித்துவிட்டு மேஜை ஓரத்தில் வைத்தார்.

“அந்த அம்மா இப்படியா பேசினாங்க?”

“இல்லை சார். மனுன்னா இப்படித்தானே எழுதுவா?”

“இந்த மாதிரி நானே எத்தனையோ எழுதியாச்சு. எல்லாத்துக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு பதிலும் வந்தாச்சு. அவங்க சொன்னதைச் சொன்னபடி எழுது.”

முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் மறுபடி உட்கார்ந்தேன். அந்த ‘மத்தவ காலாவது’வை ஆங்கிலத்தில் கொண்டுவருவதற்குள் நான்கு தாள் கிழித்தேன். கடைசியில் அரைப் பக்கம்கூட வரவில்லை. அவர் அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு தில்லிக்கு ரயிலேறினார்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பியவர், படியேறும்போதே கத்தினார். “தாயி! முழுசாப் படிச்சேன். சபை முழுக்கச் சத்தமில்லாமக் கேட்டுது!” இடத்தைப் பார்க்க ஓர் என்ஜினியரை அனுப்புவதாக ரயில்வே மந்திரி ஒப்புக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்கு நடந்தேனா, பறந்தேனா, தெரியாது.

என்ஜினியர் ஒரு காலை வந்தார். எம்.பி. அவரை ஓரமாக நின்று பார்க்க விடவில்லை. “வாங்க, இவங்களோட கடந்து பார்ப்போம்” என்றார். வேலைக்குப் போகிற பெண்களோடு நாங்களும் இறங்கினோம். பாதித் தூரத்தில் என்ஜினியர் நின்று, ஸ்டேஷன் பாலம் எவ்வளவு தூரம் என்று என்னிடம் விசாரிக்க ஆரம்பித்தார். “சாப், காடி ஆத்தி ஹை! வண்டி வருது!” என்று கத்திக்கொண்டே அந்த அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். லோக்கல் ரயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் தடதடத்துப் போயிற்று.

என்ஜினியர் தண்டவாளத்தைத் திரும்பிப் பார்த்தார். “தினமுமா?” என்று கேட்டார்.

“தெனமும் ரெண்டு தடவ, சாப்.”

அவர் நோட்டை எடுத்து, படிக்கட்டு எங்கே இறங்க வேண்டும் என்று அந்த அம்மாளிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பாலம் எழும்ப ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. திறப்பு விழா பத்து மணிக்கு. மாலை, ரிப்பன், மைக் எல்லாம் தயார். ஆனால் ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பத்து மணி வரை எங்கே காத்திருப்பது? எம்.பி. வந்தபோது ரிப்பன் கைப்பிடிக் கம்பியில் சுருண்டு கிடந்தது. பாலம் நிறைய ஆட்கள், கூடைகள், குழந்தைகள். விழாக் குழுவினர் பதறினார்கள். அவரோ வயிறு குலுங்கச் சிரித்தார். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார். நடுப் பாலத்தில், விழாவுக்கென்று முதல் வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடிவந்திருந்த அந்த அம்மாள் அவரைப் பார்த்து, “நல்லா இருக்குய்யா, ஆட்டமே இல்ல” என்று கைப்பிடியைத் தட்டிக் காண்பித்தார்.

அடுத்து வந்த தேர்தலில் அவருக்கு எதிராகப் பெரிய புள்ளி ஒருவர் நின்றார். குடிசைக்காரர்களை நம்பினால் கரையேற முடியாது என்று பேப்பரில்கூட எழுதினார்கள். ஓட்டுப் போடும் நாளன்று தாராவிப் பெண்கள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசை சந்து திரும்பி அடுத்த சந்துக்குள் போயிற்று. அவர் ஜெயித்தார். அதற்குப் பிறகும் தோற்கவேயில்லை; சபையின் மூத்தவர்களில் ஒருவராகும் வரை தில்லிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஜெயித்த மறுநாள் காலை மாடியறை முழுக்க லட்டும் சத்தமுமாக இருந்தது. அவர் ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். “சொல்லு, அடுத்து யாரு வந்திருக்காங்க?” என்றார்.