சூடம் காட்டியும் கிளம்பாத வேன்

போன வருஷம் வைகாசியில், இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் பழைய வேன் ஒன்று ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. அதனால் சீக்கிரமே கழன்றுகொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மறுநாள் ஹட்டன் கோவிலில் கல்யாணம். அவள் விஞ்ஞான டீச்சர். சாயங்காலம் இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருந்தவள், "மாமா, இந்த ஃபோன கொஞ்சம் புடிங்க" என்றாள். அதில், அமெரிக்காவில் ராட்சத ராக்கெட் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பப்போவதை நேரடியாகக் காட்டினார்கள். பெரிய பாரத்தை மேலே ஏற்றிவிட்டு, அதன் அடிப்பாகம் பத்திரமாகத் திரும்பி வருமாம். மறுபடியும் அதையே ஏவலாமாம்.

"நம்ம வேன் மாதிரின்னு சொல்லு" என்றேன்.

"ஒங்க வேன் திரும்பி வரும்னு யாரு மாமா சொன்னா?"

எரிபொருள் நிரப்ப நிரப்ப, ராக்கெட்டைச் சுற்றி நம்ம ஊர்ப் பனி மாதிரி வெள்ளைப் புகை. ஒவ்வொரு பாகத்தையும் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தார்கள். எனக்குக் கை வலித்தது. ஏவும் நேரத்தை எண்ணிக்கொண்டு வந்த கடிகாரம் கடைசி நிமிஷத்தில் நின்றுவிட்டது. ஏதோ ஒரு குழாயில் அழுத்தம் சரியில்லையாம், இன்றைக்குப் போகாதாம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நானா இருந்தா நாலு எலுமிச்சம்பழத்த வச்சு, சூடத்த காட்டி அனுப்பி வுட்டிருப்பேன்!"

அவள் சிரிக்கவில்லை. "மேல போனப்பொறம் நிறுத்திப் பாக்க முடியாது மாமா. தரையில இருக்கறப்பதான் முடியும்."

மறுநாள் காலை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். மணப்பெண்ணையும் சொந்தக்காரர்களையும் வேனில் அடைத்தாயிற்று. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார்கள். வண்டியை எடுக்குமுன் என்றுமே செய்யாத ஒன்றைச் செய்தேன். பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். கால் மெத்தையில் இறங்குவதுபோல் இறங்கியது. இன்னும் இரண்டு தரம் மிதித்தால் கொஞ்சம் பிடிக்கும். அப்படித்தான் ஒரு வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் தோட்டத்து ரோடு முழுக்க இறக்கம், ஒரு பக்கம் பள்ளம். என் முதுகுக்குப் பின்னால் மணப்பெண்.

சாவியை எடுத்துவிட்டேன். "வண்டி போகாதுங்க. எறங்குங்க."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "சூடம் காட்டியாச்சு. பழத்த நசுக்காம எறங்குனா சகுனம் என்னாத்துக்கு ஆகும்? முகூர்த்தம் போகுதுடா!"

"இவன் வேன்ல பிரேக் எப்ப இருந்துச்சு, இன்னைக்கு தேடுறான்!" என்றார் ஒருவர்.

இனி இந்தத் தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்தது. வேனுக்குள் ஒருத்தரும் அசையவில்லை. அப்போது மணப்பெண் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். "வாங்கப்பா, கொழுந்து லொறி நிக்குதுல்ல" என்றாள்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து அனுப்பினோம். முகூர்த்தம் முடியும் தறுவாயில்தான் போய்ச் சேர்ந்தார்களாம். அன்று ஐயர் மந்திரம் சொன்ன வேகத்தில் என் வேன் ஒருநாளும் ஓடியதில்லை என்று கேள்வி. தாலி ஏறிவிட்டது.

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. வேனடியிலேயே கிடந்தேன். மத்தியானம், நாங்கள் 'பாஸ்' என்று கூப்பிடும் மெக்கானிக் வந்து, பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயைக் காட்டினார். வெடித்து, எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. "மொத வளைவு வரைக்கும் போயிருப்பீங்க" என்றார்.

சாயங்காலம் பெண்ணின் அப்பா வந்தார். குழாய் வெடித்திருந்த விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. இந்த வண்டியிலா என் பெண்ணை ஏற்றினாய் என்று திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வேனுக்குக் கீழே குனிந்து, ஒழுகிய எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எத்தனையோ சவாரி போய் வந்திருக்கிறேன், ஒன்றும் மனசில் நிற்கவில்லை. போகாமல் நின்ற அந்த ஒன்றை நினைத்தால்தான் நானும் ஒரு டிரைவர் என்று எனக்கே தோன்றுகிறது.