முத்திரைக்கு அப்பாலும் பார்த்தவர்

செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வசந்தா அக்காவின் மகள் கவிதா போன் செய்தாள். "அண்ணா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." பாதி தூக்கியதை அப்படியே இறக்கிவிட்டேன். ஊட்டி மார்க்கெட்டில் என் மூக்குக்கண்ணாடிக் கடையை ஒட்டிய பழம்பொருள் கடை வசந்தா அக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். கம்பளிச் சால்வையும் ஓயாத பேச்சுமாக உட்கார்ந்திருப்பார்.

கோயமுத்தூரில் பிறந்து, கல்யாணமாகி மலையேறியவர். கணவர் பங்களா ஏலங்களில் மேசை நாற்காலி வாங்கி விற்றார். இழுப்பறைகளில் தங்கி வந்துசேரும் சின்னச் சின்ன வெள்ளிச் சாமான்களை அக்கா எடுத்துக்கொண்டார். அவற்றின் அடியில், செய்த ஊரையும் ஆளையும் காட்டும் கடுகளவு முத்திரைகள் இருக்கும். என்னிடம் வாங்கிய பூதக்கண்ணாடியை வைத்து அவற்றைப் படிக்கத் தானே பழகிக்கொண்டார்.

ஒருநாள் தீப்பெட்டியைவிடச் சிறிய டப்பா ஒன்றை என் முன் வைத்தார். உள்ளே சல்லடை போல ஒரு மூடி. மூக்குப்பொடி டப்பா என்றேன். "பொடிக்கு எதுக்குங்க சல்லடை? வாசனைக் காடியில நனைச்ச பஞ்சை உள்ள வெச்சு, தலை சுத்துறப்ப மோந்து பாக்கறதுங்க" என்று சிரித்தார். பிறகு அவர் அடிக்கடி சொல்வதைச் சொன்னார்: "முத்திரை எங்க பொறந்ததுன்னு சொல்லும். எதுக்குப் பொறந்ததுன்னு வடிவந்தான் சொல்லும்."

அந்தப் பேச்சின் முழு அர்த்தம் எனக்கு விளங்கியது ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில். புதிதாக வந்த மேனேஜர் பங்களாவின் வெள்ளித் தேநீர் செட்டைச் சரிபார்த்திருக்கிறார். வடிகட்டியின் தாங்கி இருந்தது, அதில் உட்காரும் துளைபோட்ட கிண்ணம் இல்லை. முன்பு அங்கே சமையல் வேலை பார்த்த ராக்காயியின் வீட்டில், தொழிலாளர் லைனில், உச்சியில் துளைபோட்ட குட்டித் தொப்பி மாதிரி ஒரு வெள்ளிப் பொருள் இருப்பது தெரியவந்ததும் அதை வாங்கி வைத்துக்கொண்டு அக்காவை அழைத்தார். என் ஜீப்பில்தான் போனோம்.

"இதுதான் அந்த வடிகட்டி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போலீசுக்குப் போயிருவேன்" என்றார் மேனேஜர். கிளார்க்குகள் இருவரும் எழுந்து வந்து நின்றார்கள்.

ராக்காயி கதவோரம் நின்றார். சிறுமியாக இலங்கையிலிருந்து திரும்பி வந்து அந்த எஸ்டேட்டிலேயே வளர்ந்தவர். "பழைய தொரைசானி எனக்குத் தந்தது" என்றார். எதற்காகத் தந்தார் என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா நிதானமாகப் பார்த்தார். "செட்டு முழுக்க நங்கூர முத்திரைங்க. அது பர்மிங்ஹாம் ஊரோடது. இதுல சிறுத்தைத் தலை இருக்குது. இது லண்டன். செஞ்சவரோட எழுத்தும் வேற."

"வேற எடத்துல வாங்கிச் சேத்திருக்கலாமே?" என்றார் மேனேஜர்.

"சேத்திருக்கலாம்" என்று அக்கா ஒப்புக்கொண்டார்.

ஆனால் அக்கா தேநீர் கேட்டார், வடிகட்டாமல். அதை அந்தத் தொப்பியில் ஊற்றினார். இலைத்தூள் துளைகளை அடைத்துக்கொள்ள, தேநீர் விளிம்பு வழியாக மேசையில் வழிந்தது. துடைத்துவிட்டுத் தாங்கியில் வைத்தார். அகன்ற விளிம்பு உட்காராமல் ஆடியது. அதை உள்ளங்கையில் கவிழ்த்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து ராக்காயியிடம் போய்க் காதருகே ஏதோ கேட்டார். ராக்காயி ஆமென்று தலையசைத்து, அவர் காதில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

திரும்பி வந்த அக்கா கூச்சமே இல்லாமல் பேசினார். "பால் குடுக்கற தாய்மாருக்குன்னு செஞ்சதுங்க இது. மார்க்காம்பு புண்ணாயிருந்தா துணி ஒரசாம மேல வெச்சுக்குவாங்க. இவுங்களுக்கு மொதல் குழந்தை பொறந்து, வலியில துடிச்சப்ப அந்தம்மா குடுத்திருக்காங்க. இத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல அதை எப்படிங்க வாய்விட்டுச் சொல்லுவாங்க?"

மேனேஜர் எழுந்து அந்த வெள்ளியை இரண்டு கைகளாலும் ராக்காயியிடம் கொடுத்தார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார்.

ஜீப் கிளம்பும்போது ராக்காயி ஓடிவந்து அதை அக்காவின் மடியில் வைத்தார். அக்கா வாங்கவில்லை. "உங்க மகளுக்குக் குடுங்க. வெக்கப்படாம கதையையும் சொல்லிக் குடுங்க."

அடக்கத்தன்று ராக்காயி மகளோடு வந்திருந்தார். மகளின் இடுப்பில் கைக்குழந்தை. "ஆஸ்பத்திரியில என்கூட இருந்த பொண்ணுங்களுக்கு அதைக் காட்டினேன். அப்புறந்தான் ஒவ்வொருத்தியும் அவ வலியைச் சொன்னா" என்று அந்தப் பெண் கவிதாவிடம் சொன்னதைக் கேட்டேன். கவிதா இந்த வாரமே அம்மாவின் கடையைத் திறந்துவிட்டாள்.

அக்கா என் தொழிலையும் விட்டுவைக்கவில்லை. "கண்ணை மட்டும் சோதிக்காதீங்க. அந்தக் கண்ணு எதைப் பாக்கோணும்னு கேளுங்க" என்பார். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

நேற்று கேத்தியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். வேறொரு இடத்தில் வாங்கிய கண்ணாடி உதவவில்லை என்றார். என்ன வேலை என்று கேட்டேன். "காரட்டு தரம் பிரிக்கறேனுங்க. கையை நீட்டுற தூரத்துல வெடிப்பு தெரியோணும்." அந்தத் தூரத்துக்கே லென்ஸ் வைத்துப் பார்த்தோம். அவர் கையை நீட்டி, மண்ணேறிய தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, நகத்துக் கீறல்கூடத் தெரியுதுங்களே!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.