பினாங்குக்குப் போன பெட்டி

என் புதிய நாவலில் நூறு பிரதிகள் வேண்டுமென்று பினாங்கிலிருந்து ஒரு புத்தகக் கடைக்காரர் எழுதியிருந்தார். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், ஆட்டையாம்பட்டியில் எங்கள் தெரு முழுக்க வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தேன்.

எதிர்வீட்டு நல்லம்மா தறியிலிருந்து எழுந்து வந்தாள். அவள் கணவன் மாரப்பன் பினாங்குக்குத் தோட்ட வேலைக்குப் போனவன். ஆறு வருஷமாகக் கடிதமில்லை. அவள் கதையைத்தான் நாவலாக எழுதியிருந்தேன். அது அவளுக்கும் தெரியும், படிக்கத்தான் தெரியாது.

“ஏனுங்க, எங்கூட்டுக்காரரு இதைப் பாத்தா, நான் இன்னும் இங்கதான் இருக்கேன்னு தெரிஞ்சுக்குவாருங்களா?” என்றாள்.

கச்சாயத் தட்டை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. வாசகர்கள் அழவேண்டும் என்பதற்காகக் கடைசி அத்தியாயத்தில் அவளைக் கிணற்றில் தள்ளியிருந்தேன். அதைச் சொன்னேன்.

அவள் தட்டை என் கையிலிருந்து வாங்கித் திண்ணையில் வைத்தாள். “கதைல செத்தா செத்துட்டுப் போறேனுங்க. அவருக்கு மட்டும் நெசத்தைச் சொல்லிப்போடுங்க.”

பினாங்குக்கு அனுப்ப ஆணியடித்து வைத்திருந்த புத்தகப் பெட்டியைப் பிரித்தேன். நூறு பிரதிகளிலும் கடைசிப் பக்கத்தின் அடியில் என் கையால் எழுதினேன்: “மாரப்பனுக்கு, நல்லம்மா உயிரோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள்.”

அவன் வரவில்லை. ஆனால் இன்றும் கதையில் ஒருவரைச் சாகடிக்கப் பேனாவை எடுத்தால், எதிர்வீட்டுத் தறிச் சத்தம் கேட்கிறதா என்று காது அந்தப் பக்கம் போய்விடுகிறது.