எட்டு வீட்டு மணி பிளாண்ட்

சுந்தரவல்லிக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் பேசும் என்பான் ஹரிசங்கர். கட்டியவன் அல்லவா, பட்டு அறிந்தவன் சொல்கிறான். அன்று காலை பத்து மணிக்கு அந்த வீட்டில் பேசாத பாத்திரமே இல்லை. அவள் கொடுத்த புகாருக்காகத் தூசு அளக்கும் கருவியோடு அரசு ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் அதை வைத்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு மேடம்” என்று சொல்லிக் கிளம்பியிருந்தார்கள்.

வயிறு எரியாதா பின்னே? திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், ஊருக்குச் சற்று முன்னால் பிரிகிற சின்னத் தெரு அது. தெருவுக்குக் கிழக்கே வாசுதேவனின் கல் பட்டறை. தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசு அடங்கும்; வேலை கொஞ்சம் மெதுவாகும். அந்தக் கொஞ்சத்துக்குப் பொறுமை இல்லாமல் காய்ந்த கல்லையே மெஷினில் கொடுத்து அறுப்பார்கள். காலையில் காற்று கடல் பக்கம் போகும். மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பி, பட்டறைத் தூசு முழுவதையும் தெருவுக்குள் கொண்டுவந்து கொட்டும். இவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தது காலை ஒன்பது மணிக்கு. தெரியாமல் வந்தார்களா, தெரிந்தேதான் வந்தார்களா, அந்த வேதகிரீஸ்வரருக்கே வெளிச்சம்.

தெருவில் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? தெருமுனைப் பிள்ளையாரை இலவசமாகச் செதுக்கிக் கொடுத்தவரே வாசுதேவன். சதுர்த்திக்குச் சதுர்த்தி கொழுக்கட்டை அவர் செலவு. பிள்ளையார் தந்தவர் மேல் புகார் கொடுப்பதா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இருமுவார்கள், மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

சுந்தரவல்லியால் அப்படி இருக்க முடியவில்லை. மகள் மேக்னாவுக்குப் பதினொரு வயது. இரண்டு வருஷமாக வீசிங். டாக்டர் பிரிசில்லா கடைசி முறை பார்த்தபோது சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: “ஒண்ணு தூசு நிக்கணும். இல்ல, குழந்தை அந்த வீட்டுல இருக்கக் கூடாது.”

“செங்கல்பட்டுல அக்கா வீட்டுல விட்டுடலாம். லீவு முடியறதுக்குள்ள டிசி வாங்கி அங்கேயே ஸ்கூல்ல சேத்துடலாம்” என்றான் ஹரிசங்கர். கல்பாக்கத்தில் வேலை, காலையில் ஸ்டாஃப் பஸ் ஏறினால் இருட்டும்போது வருகிறவன். வம்பு என்றால் காத தூரம் ஓடுவான்.

“என் பொண்ணு எதுக்கு வீட்டை விட்டுப் போகணும்? தப்பு பண்றவன் நல்லாத்தானே இருக்கான்? நான் பெத்தது இன்னொருத்தர் வீட்டுல போய் ஒண்டணுமா?” என்று கேட்டாள்.

சுந்தரவல்லி பிறந்து வளர்ந்தது திருக்கழுக்குன்றம். வேலை, ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளர். பதினெட்டு வருஷமாக மாணவர்களுக்கு இலையும் தண்டும் நறுக்கி வைப்பவள். தெருவுக்கு அவள் டீச்சர். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். ஆய்வகத்தில் வருஷா வருஷம் ஒரு பயிற்சி உண்டு. சாலையோர அரளி இலையையும் தோட்டத்து அரளி இலையையும் துடைத்து, எதில் எவ்வளவு தூசு என்று ஒப்பிட வேண்டும். இலை பாட்டுக்குச் சும்மா இருக்கும், மேலே படிவதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அது பொய் சொல்லாது, காலை ஒன்பது மணிக்கு மட்டும் வேலை பார்க்காது. கருவி வந்து போன அன்று சாயங்காலம், பாத்திரங்கள் ஓய்ந்த பிறகு, அவளுக்கு அது நினைவு வந்தது.

தன் வீட்டு மணி பிளாண்டிலிருந்தே துண்டுகள் வெட்டி வேர் விட வைத்தாள். எட்டுத் தொட்டி. ஒன்று தன் வீட்டில், மற்ற ஏழும் ஏழு வீட்டுக் கூடத்தில், எல்லாம் ஜன்னலிலிருந்து ஒரே தூரத்தில். பட்டறையை ஒட்டிய பார்வதம் வீடு முதல், மேற்குக் கோடியில் உப்பிலி வீடு வரை. “பட்டறைக்காரர் பேரையே நான் எடுக்கல. செடி வளர்த்துப் பாக்கறேன், அவ்வளவுதான்” என்று சொல்லிக் கொடுத்தாள். மணி பிளாண்ட் என்றால் லட்சுமி கடாட்சம், வேண்டாம் என்பார்களா? நிபந்தனை ஒன்றுதான்: இலையை யாரும் தொடக் கூடாது.

ஞாயிறுதோறும் ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு இலையை ஈரப் பஞ்சால் துடைப்பாள். பஞ்சை நோட்டில் ஒட்டி, வீடும் தேதியும் எழுதுவாள். பார்வதம் வீட்டுப் பஞ்சு சாம்பல் நிறம். உப்பிலி வீட்டுப் பஞ்சு ஏறக்குறைய வெள்ளை. எதிர்ப்பக்கத்தில் மேக்னாவின் எண்கள். மூச்சின் வேகத்தை அளக்க டாக்டர் கொடுத்த மீட்டரில் குழந்தை தினமும் ஊதுவாள். பட்டறைக்கு விடுமுறையான நாட்களில் இருநூற்று அறுபது, எழுபது. ஓடுகிற நாட்களில் இருநூற்றைத் தொடாது. ஆறு வாரத்தில் நோட்டு தடித்துவிட்டது.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த அரசு ஆபீசில் வைத்தாள். அங்கே பிரவின்குமார் என்று ஓர் இளம் அதிகாரி. புரட்டிப் பார்த்தான். “பஞ்சால எங்க துடைச்சீங்கன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்? நேர்ல வந்து பாக்கறேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு” என்றான். பள்ளி திறக்க அப்போது இரண்டு வாரம்கூட இல்லை.

அவள் செய்த தப்பு, அதைத் தெருவில் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பட்டறை ஒரு சத்தம் இல்லாமல் மூடிக் கிடந்தது. தெருவில் யாராவது போய்ச் சொல்லிவிட்டிருப்பார்கள், வேறென்ன! அதிகாரி வரவில்லை. பன்னிரண்டரைக்கு, இனி வரமாட்டான் என்று மெஷினைப் போட்டுவிட்டார்கள். மேக்னாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. உள்ளறையில் நெபுலைசரை வைத்துக்கொண்டு குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் சுந்தரவல்லி. வேறு எந்த வீட்டையும் எட்டிப் பார்க்கவில்லை. நாலு மணிக்குப் பிரவின்குமார் வந்து சேர்ந்தான்.

முதலில் பார்வதம் வீடு. உள்ளே நுழைந்ததும் சுந்தரவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகை. இலைகள் பளபளவென்று இருந்தன.

“யார் துடைச்சது?”

“நான்தான் டீச்சர்” என்றாள் பார்வதம் பெருமையாக.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, கடைசியில் உப்பிலி வீடு. ஏழு வீட்டிலும் மஞ்சள், குங்குமம், பளபளப்பு. ஒருத்தியாவது மறந்திருக்கக் கூடாதா? பார்வதமும் நாலைந்து பேரும் பின்னாலேயே வர, சுந்தரவல்லி வீட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். அவள் செடி மட்டும் சாம்பல் பூத்து நின்றது. பிரவின்குமார் அதைப் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

“மத்த வீடெல்லாம் சுத்தமா இருக்கே மேடம். கொஞ்சம் கூட்டிப் பெருக்கினாலே...”

அவ்வளவுதான். அவனிடம் பாயாமல் அவள் தெருக்காரர்கள் பக்கம் திரும்பினாள். பட்டறைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். “ஆறு வாரமா தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, தொடாதீங்க, தொடாதீங்கன்னு! என் பொண்ணு உசுரு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?”

“இன்னா டீச்சர் இப்டி கத்துற?” பார்வதத்துக்கும் ரோஷம் வந்துவிட்டது. “ஆபீசரு வூட்டுக்கு வர்றாரு, வெள்ளிக்கெழம வேற. செடிமேல தூசிய வுட்டு வெச்சா நம்ம மானம் இன்னாத்துக்கு ஆவுறது? அதான் காலைல ஆறு மணிக்கே எல்லாரும் பேசி வெச்சிகினு தொடச்சோம்.”

மறுபடி கத்தத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

“எல்லாருமா? ஆறு மணிக்கா?”

“ஏழு வூடும். சாமி மேல சத்தியமா.”

சுந்தரவல்லி பஞ்சு டப்பாவை எடுத்துப் பிரவின்குமார் கையில் திணித்தாள். “வாங்க சார். நான் தொடமாட்டேன். நீங்களே துடைங்க. காலைல ஆறு மணிக்கு ஏழு வீட்டு இலையும் சுத்தம். இப்ப மணி நாலரை. பத்தரை மணி நேரத்துல என்ன படிஞ்சிருக்குன்னு உங்க கையால எடுத்துப் பாருங்க.”

பார்வதம் வீட்டு இலை பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. அவன் துடைத்த பஞ்சில் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம். மேற்கே போகப் போகப் பஞ்சு வெளுத்தது. உப்பிலி வீட்டில் துடைத்த பஞ்சுக்கும் புதுப் பஞ்சுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏழையும் வரிசையாகச் சுந்தரவல்லி வீட்டு மேசையில் வைத்தான்.

“பட்டறைக்காரங்க தப்புத்தான் மேடம்” என்றான். “நோட்டீஸ் அனுப்பறேன். சரி பண்ண முப்பது நாள் டைம் குடுக்கணும். அதான் முறை.”

“முப்பது நாளா?” என்று கேட்டாள் சுந்தரவல்லி. “பத்து நாள்ல ஸ்கூல் தொறக்குது. அதுக்குள்ள தூசு நிக்கலேன்னா என் பொண்ணு இந்த வீட்டுல இருக்க முடியாது. பட்டறையில தண்ணிக் குழாய் இருக்கு சார், நானே பார்த்திருக்கேன். குழாயைத் திருக முப்பது நாளா? கையில போன் வெச்சிருக்கீங்க இல்ல? பேசுங்க! பேசாம இந்த வாசப்படியை நீங்க தாண்ட முடியாது!”

சொன்னதோடு நிற்காமல் வாசலில் போய் நின்றுகொண்டாள். பிரவின்குமார் போனை எடுத்துப் பட்டறையைக் கூப்பிட்டான். மூன்றே வாக்கியம் பேசினான். “நான் உங்க பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன். மெஷினை நிறுத்துங்க. தண்ணி விடாம ஒரு கல்லை அறுத்தாலும் இன்னிக்கே சீல் வைக்க எழுதிடுவேன்.”

மெஷின் நின்றது.

வேலை நாளில் அந்தத் தெரு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. பார்வதம் உள்ளறைப் பக்கம் திரும்பிக் காதைக் கொடுத்தாள்.

“இன்னா டீச்சர் அது சத்தம்? பூனைக்குட்டி ஏதாவது மாட்டிகினு கீதா?”

“என் பொண்ணு மூச்சு விடுறா” என்றாள் சுந்தரவல்லி. “ரெண்டு வருஷமா இப்படித்தான் விடுறா.”