அரிக்காத கிரீம்

ஒரு நாள் காலையில் கால்விரலில் மெட்டி சுழலவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் நாங்கள் குளிக்கும்போது மெட்டியைச் சுற்றிவிட்டு அடியில் தேய்த்துக் கழுவுவோம், இல்லாவிட்டால் புண்ணாகிவிடும். அன்று சோப்புப் போட்டும் அசையவில்லை. விரல்கள் அப்படி உப்பியிருந்தன. கணுக்காலுக்கு மேலே அழுத்தினேன். குழி விழுந்தது, விரலை எடுத்த பிறகும் அப்படியே நின்றது. எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பயப்படத் தெரியவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷக் கோடை அது. நான் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். பன்னிரண்டாவது வரை படித்தவள், வாயும் கொஞ்சம் நீளம். கால் வீங்கிய சில நாளில் முகமும் வீங்கியது. காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்காது. சிறுநீர் போனால் நுரை பொங்கி, கலையாமல் நிற்கும்.

ஊரில் இருந்த டாக்டர் பார்த்துவிட்டு, பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு எழுதினார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கவும் சொன்னார். அவ்வளவுதான், உப்பைக் குறைக்கச் சொல்கிறார் என்றால் உப்புதான் குற்றவாளி என்று வீட்டில் நாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம்.

"நாளெல்லாம் உப்புத் தண்ணியில நின்னா உடம்புல ஏறாம என்னா பண்ணும்? நீ இனிமே அளத்துக்கு வராத செல்வி" என்றார் என் கணவர் சேகர். அவரும் அதே அளத்தில்தான் வேலை. அவர் காலில் ஏன் ஏறவில்லை என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் இருந்தால் வடிந்துவிடும் என்று பாண்டிச்சேரிப் பயணத்தையும் தள்ளிப்போட்டோம்.

இங்கேதான் அந்த டப்பா வருகிறது. எங்கள் வேலையில் வெயில் மேலிருந்து மட்டும் அடிக்காது. உப்புப் பாத்தியில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். அதனால் என் கால் வீங்குவதற்கு முன்பிருந்தே பெண்கள் சிலர் பாண்டிச்சேரி ஃபேன்சி ஸ்டோர் ஒன்றில் வட்ட டப்பாவில் விற்ற கிரீமை வாங்கிப் பூசினோம். அதன் மேல் இருந்த எழுத்து எந்த மொழி என்றே தெரியாது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே வெளுத்தது. வருஷக் கணக்கில் ஏறிய கறுப்பு இறங்கியதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் சும்மா இருந்தபோது இன்னும் மோசம். காலையில் ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை, முகத்தோடு நிற்காமல் கழுத்து, கை என்று பூசினேன். நீர் கோத்த தோல் பளபளவென்று மின்னியது. பக்கத்து வீட்டுப் பெண்கள், "நிழல்ல உக்காந்ததும் என்னா கலரு வந்துட்டா பாரு!" என்றார்கள். சாவுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். எல்லோரும் அழகாகிவிட்டேன் என்றார்கள். நானும் நம்பினேன்.

ஒரு நாள் வயிறும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. அப்போதுதான் பஸ் ஏறினோம்.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்திலுள்ள புரதம் சிறுநீரில் ஒழுகிப்போகும் நிலை) என்றார் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த அம்மா டாக்டர். இப்படியே ஒழுகினால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம், டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) வரைக்கும் போகலாம் என்றார். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயசு. எனக்கு அவள் முகம்தான் முன்னால் வந்தது.

"உப்பாலதானே டாக்டர்?" என்றார் சேகர்.

"அளத்துல வேலை செய்யற எல்லாருக்குமா வீங்கியிருக்குது?"

உப்பு, உடம்பில் நீரைத் தேக்கும், அதனால்தான் குறைக்கச் சொன்னது. ஆனால் வடிகட்டியை உடைத்தது வேறு ஏதோ என்றார் டாக்டர். "உடம்புல தடவறது, தலைக்குப் போடறது, குங்குமம் உட்பட எல்லாத்தையும் கொண்டாங்க."

பை நிறையக் கொண்டுபோனேன். மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கிரீம் டப்பா வந்ததும் நிறுத்தினார். செய்தவர் பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று இல்லை, தேதி இல்லை.

"இத எப்படிம்மா நம்பினீங்க?"

"சும்மா போடலைங்க டாக்டர். காதுக்குப் பின்னாடி தடவி, ரெண்டு நாள் பாத்தேன். அரிக்கவே இல்லைங்க."

"அரிச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க" என்றார்.

பயாப்ஸி (சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்குச் சதை எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். கிரீமையும் என் சிறுநீரையும் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் பாதரசம். தோல் நிறம் உண்டாக்குவதை அது தடுக்கிறது. தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் உட்காருகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் லட்சக்கணக்கான நுண்ணிய சல்லடைகள் உண்டு, நாள் முழுக்க நம் ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சலிக்கின்றன என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். என் முதுகுக்குள்ளேயா! நான் தூங்கும்போதுமா! அம்மாடி, எனக்கு அந்தப் படத்தைப் பார்த்து உடம்பு சிலிர்த்துவிட்டது. கூலி கேட்காமல் எனக்காக உழைத்தவற்றுக்கு நான் விஷம் பூசியிருக்கிறேன்.

கிரீமை நிறுத்தியதுதான் முதல் மருந்து. நீர் பிரிய மாத்திரை, பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். "உடம்பு தானாவே வெளியேத்தப் பாக்கும். நாம வழி விடணும். முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடிக் குழாய் கொடுத்தார்கள். சிறுநீரை அதில் எடுத்து, மேல்பாகத்தை விளக்கில் காய்ச்சி, அவர்கள் தந்த திராவகத்தைச் சொட்டு விட வேண்டும். வெண்மை கலையாமல் நின்றால் புரதம் ஒழுகுகிறது. தண்ணீரில் வெள்ளை பூத்தால் சந்தோஷப்படுகிற ஊர் எங்களுடையது. நானோ பூக்கக் கூடாதே என்று தினமும் கும்பிட்டேன். தயிர் மாதிரித்தான் திரண்டது. சேகர் குழாயைக் கழுவி வைப்பார்.

அளத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். "எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே" என்றாள் ஒருத்தி.

"எனக்குந்தான் ஆகலை, ஆகற வரைக்கும்" என்றேன். எல்லோருடைய டப்பாவையும் பிடுங்கிக்கொண்டு, அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கொடுத்தேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கலாம். செய்தவர் பெயரும் உள்ளே உள்ளவையும் தேதியும் இல்லையென்றால் தொடாதீர்கள். எரியவில்லை, அரிக்கவில்லை என்பது அத்தாட்சி இல்லை. ஒரு வாரத்தில் வெளுக்கிறது என்றால் முதலில் அதைத்தான் சந்தேகப்படுங்கள்.

மழை வந்து அளம் முழுகியது. மாத்திரையில் வீக்கம் வடிந்தது. குழாயில் வெள்ளை மட்டும் போகவில்லை. பொங்கல் கழிந்து மறுபடி பாத்தி கட்டினார்கள். எனக்குள் எதுவும் நடக்கவில்லை என்றே நினைத்தேன். பிறகு தயிர் மோராயிற்று, மோர் வெறும் புகைமூட்டமாயிற்று. அதே நாட்களில் காதோரத்தில் என் கறுப்பு மெல்லத் திரும்பி வந்தது. ஒரு காலை எவ்வளவு காய்ச்சியும் வெள்ளை வரவில்லை. குழாயைச் சேகரிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லியே செல்வி" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். மகள் ஓடிவந்து என்ன உடைந்தது என்று கேட்டாள்.

பரிசோதனைக்கு இன்னும் போகிறோம். பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்திலும், கழிவறையில் தண்ணீரை ஊற்றாமல் குனிந்து பார்ப்பேன். பழைய நுரை இல்லை, நான்கைந்து குமிழிகள் எழும், ஒவ்வொன்றாக உடையும். கடைசிக் குமிழி உடைய எடுக்கும் நேரம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

"செல்வி, பஸ் போயிடும்!" என்று சேகர் வாசலில் நின்று கத்துவார்.

"போனா போவட்டுங்க" என்பேன்.