நீல வயிறு

எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் பிலியாட்டி அதன்மேல் விரல் முட்டியால் தட்டுகிறாள். அடுத்தவர் முற்றத்தில் நின்று கூப்பிடுவதுபோல, "வீட்டுல இருக்கீங்களா?" என்று கேட்கிறாள். சிறிது நேரம் காத்திருந்துவிட்டு மூடியைத் தூக்கி, முதலில் ஒரு நீளக் கம்பை உள்ளே விட்டுத் துழாவுகிறாள். எலி குடியேறிய இடத்துக்குப் பின்னாலேயே பாம்பு வரும். போன வருடம் பெரிய டிராக்டரின் இருக்கைக்கு அடியில் தடித்த விரியன் ஒன்று சுருண்டு கிடந்தது. ஓட்டுநர் ஜைலோசி அதற்குமேல் உட்கார்ந்து பாதி வயலை உழுதிருந்தான். "கீழ என்னமோ மெத்துன்னு இருந்துச்சு. சொகமாத்தான் இருந்துச்சு" என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறான்.

பண்ணையில் டிராக்டர்கள் மூன்று. தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் ஒன்று, மக்காச்சோளம் உதிர்க்கும் இயந்திரம் ஒன்று. எல்லாம் தகரக் கூரை மட்டும் உள்ள, சுவரில்லாத கொட்டகையில் நிற்கின்றன. டெட்ஸா மலைச் சரிவில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கும் மாதங்களில், எரியும் நிலத்தை விட்டு ஓடிவரும் எலிகளுக்கு அந்தக் கொட்டகைதான் முதல் ஊர். அங்கே சூடு ஆறாத எஞ்சின் இருக்கிறது, பஞ்சு அடைத்த இருக்கை இருக்கிறது, பல்லுக்கு வேலை கொடுக்க வயர் இருக்கிறது. அவை அங்கே குடித்தனம் போடாமல் பார்த்துக்கொள்வது பிலியாட்டியின் வேலை.

யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. எலி எதை எப்படி வென்றது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டாள். புகைக்குழாயின் வாயில் பால்மாவு டப்பாவைக் கவிழ்க்கிறாள். காற்று போகும் மூக்குக்குக் கம்பிவலை கட்டுகிறாள். வயர்கள் தகட்டைத் துளைத்துப் போகும் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அடைக்கிறாள். முன்பு துணி அடைத்துப் பார்த்தாளாம். "நாமளே பாய் விரிச்சுக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சு" என்கிறாள். பழைய எஞ்சின் எண்ணெயில் ஊசிமிளகாயை அரைத்துக் கலந்து வயர்மேல் பூசுகிறாள். அதனால் அவள் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கின்றன. டீசல் தொட்டியின் மூச்சுத்துளையில் குளவி மண் வைத்திருக்கிறதா என்று துடைப்பக் குச்சியால் குத்திப் பார்க்கிறாள்.

மாலையில் வண்டிகள் வந்து நின்றதும் மூடிகளை எல்லாம் சூடு ஆறும்வரை திறந்து போடுகிறாள். சூடும் இருட்டும் ஒன்றாகக் கிடைத்தால்தான் எலி குட்டி போடும் என்பது அவள் கண்டது. ஒவ்வொரு வண்டியையும் சுற்றிச் சலித்த சாம்பலைத் தூவுகிறாள். காலையில் குனிந்து, சாம்பலில் பதிந்த காலடிகளை வாசிக்கிறாள். "இவன் சும்மா சுத்திப் பாத்துட்டுப் போயிருக்கான். இவ வயித்துல குட்டியோட வந்திருக்கா. இடம் தேடுறா." நான் அங்கே சைக்கிள் டியூப் ஒட்டிக் கொடுக்கப் போகும்போதெல்லாம் அந்த வட்டத்தை மிதிக்காமல் சுற்றித்தான் நடப்பேன். மிதித்தவர்களை அவள் சும்மா விட்டதில்லை.

கொட்டகையின் நான்கு மூலைகளிலும் மண்பானைகள் கழுத்தளவு புதைந்திருக்கின்றன. பாதி தண்ணீர். வாயின் குறுக்கே கம்பி, கம்பியில் கோத்த சோளக் கதிர்த்தண்டு, அதன்மேல் வறுத்த கடலை விழுது. எலி ஏறினால் தண்டு உருளும். விடியும்போது பானையில் மிதப்பவை பிலியாட்டிக்குச் சொந்தம்.

மழைக்கு முந்தைய மாதங்களில் எங்கள் பக்கம் சோளக்களிக்குத் தொட்டுக்கொள்ள எலிதான். மயிரைப் பொசுக்கி, உப்புப் போட்டு அவித்து, காயவைத்து, பிளந்த குச்சிகளுக்கு இடையில் வரிசையாகச் செருகிப் பெரிய சாலையில் நீட்டுவார்கள். பஸ்கள் நின்று வாங்கும். எலியின் வயிற்றை யாரும் கிழிப்பதில்லை. கொழுப்பும் ருசியும் அங்கேதான் என்பார்கள். பிலியாட்டி மட்டும் கிழிக்கிறாள். வலது கட்டைவிரல் நகத்தை அதற்காகவே நீளமாக வளர்த்துக் கூராகத் தேய்த்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு எலியையும் மல்லாத்தி, நகத்தால் ஒரே கீறலில் திறந்து, குடலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் யாருக்கும் கொடுப்பாள்.

"அக்கா, வயித்தக் கிழிச்சா ருசியெல்லாம் தண்ணியில போயிடும்" என்பான் ஜைலோசி. "எலியத்தான் பாக்குறியா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறியா?"

"வேணாம்னா வச்சிட்டுப் போ."

"வேணாம்னு எப்பச் சொன்னேன்?"

அவள் தேடுவது நீல நிறம் என்று ஜைலோசிக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சில வருடங்களுக்கு முன், எலிகள் கட்டுக்கடங்காமல் வந்த ஒரு பருவத்தில், பிலியாட்டி தானே சந்தைக்குப் போய் நீல நிற எலிமருந்து வாங்கிவந்து தவிட்டில் கலந்து கொட்டகையைச் சுற்றி வைத்தாள். யோசித்துத்தான் வைத்தாள். தானாகச் செத்துக் கிடக்கும் எலியை எங்கள் மக்கள் எடுப்பதில்லை. துரத்தியோ தோண்டியோ பொறிவைத்தோ தாங்களே கொன்றதைத்தான் தின்பார்கள். மருந்து தின்ற எலி செத்துவிடும், செத்ததை எவரும் தொடப்போவதில்லை, பிறகென்ன என்று நினைத்தாள். அந்த மருந்து உடனே கொல்லாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. எலிக்கு உள்ளுக்குள்ளே இரத்தம் கசியும். சில நாட்கள் தள்ளாடியபடி நடமாடிவிட்டு, வெகுதூரம் போய்த்தான் சாகும்.

அந்த வாரம் அவள் தங்கை மெலியாவின் மகன் யக்கோபே குச்சி நிறைய எலிகளோடு வந்தான். "பெரியம்மா, இந்த வருசம் எலி ஓடவே இல்ல. கையாலயே எடுக்கலாம்" என்றான். "கெட்டிக்காரன்" என்று பிலியாட்டி அவன் தலையைத் தட்டினாள். அதற்கடுத்த நாட்களிலும் அவன் குச்சி நிறைந்துதான் இருந்தது. பிறகு, அவற்றைத் தின்ற அவன் ஈறுகளில் இரத்தம் வந்தது, அப்புறம் மூக்கில். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார்கள். திரும்பக் கொண்டுவந்ததும் அதே சைக்கிளில்தான்.

அக்காளும் தங்கையும் தாய் விட்டுப்போன ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீடுகளில் இருக்கிறார்கள். மெலியா அழுதாள், ஆனால் அக்காளைத் திட்டவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள். காலையில் இருவரும் முற்றம் பெருக்குவார்கள். அவளவள் வாசல் பக்கத்தைப் பெருக்கி நடுவுக்கு முன்பே நிறுத்திவிடுவதால், குறுக்கே பெருக்காத ஒரு பட்டை, சருகும் கோழி எச்சமுமாகக் கிடக்கும். தாய்மாமன் ஒருமுறை கோழியோடு வந்து, இருவரையும் ஒரே தட்டில் சாப்பிட வைக்கப் பார்த்தார். மெலியா கோழியைச் சமைத்து மாமனுக்குப் பரிமாறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிலியாட்டி மருந்தை அதன்பின் தொடவில்லை. இரும்பு நாரும் சாம்பலும் மிளகாயுமாக அவள் இப்போது செய்யும் எல்லாமே அந்தச் சாவுக்குப் பிறகு வந்தவை. ஆனால் போன வருடம் ஒரு வயரை எலி கடித்து, தீப்பொறி பறந்து, ஒரு டிராக்டர் நின்ற இடத்திலேயே எரிந்து போயிற்று. முதலாளி நகரத்தில் இருப்பவர். கங்காணி கெலெசோமுவிடம் ஃபோனில் பேசினார். கெலெசோமு அதை அப்படியே பிலியாட்டியிடம் வந்து சொன்னான்.

"இன்னும் ஒரு வயரு. அவ்வளவுதான் சொன்னாரு. ஒண்ணு போனாலும் மருந்து மூட்டை வந்துரும்."

அன்று முதல் அவள் வீட்டுக்குப் போகும் நேரம் குறைந்தது. இரும்பு நாரைத் தினமும் மாற்றினாள். நல்ல சாம்பலுக்காக வீடு வீடாகக் கூடை எடுத்துப் போனாள். அக்டோபரில் மலையெல்லாம் எரிந்து, சாம்பல் வட்டங்களில் காலடி விழாத காலையே இல்லை என்றானபோதும் வயர் ஒன்றும் போகவில்லை.

பிறகு ஓர் இரவு சூறைக்காற்று வந்து கொட்டகையில் தூவிய சாம்பலையெல்லாம் பெருக்கிவிட்டுப் போயிற்று. மறுநாள் காலை அவளுக்கு வாசிக்க ஒன்றுமில்லை. கம்பை விட்டுத் துழாவினாள், ஒன்றும் ஓடவில்லை. பேட்டரிக்குப் பின்னால் கையை விட்டபோது விரலில் செம்பு குத்தியது. சுண்டுவிரல் நீளத்துக்கு உறை உரிந்திருந்தது.

ஜைலோசி எட்டிப் பார்த்தான். "டேப் சுத்திடலாம்க்கா. கெலெசோமு ரெண்டு கண்ணாடி போட்டாலும் இதக் கண்டுபுடிக்க மாட்டான்."

கடித்த வயரை மாற்றாமல் ஒட்டுப்போட அவள் ஒருநாளும் விட்டதில்லை. புது வயர் கேட்டால் எதற்கென்று கேட்பார்கள்.

"நல்லா இறுக்கிச் சுத்து" என்றாள்.

அடுத்த வாரம் உழவின் நடுவில் டேப் உருகியது. மூடிக்கு அடியிலிருந்து புகை வந்தது. ஜைலோசி குதித்து, மூடியைக் கையால் தூக்கி, மண்ணை அள்ளிப்போட்டு அணைத்தான். வண்டி பிழைத்தது. அவன் வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. கெலெசோமு ஓடிவந்து, கருகிய டேப்பைப் பிய்த்தெடுத்து பிலியாட்டியிடம் நீட்டினான்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"போன வாரம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா மருந்து போன வாரமே வந்திருக்கும்."

அவன் ஃபோனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டான். மூட்டை லாரியில் வந்தது. "நீயே வச்சிடுக்கா. எங்க வைக்கணும்னு ஒனக்குத்தான் தெரியும்" என்றான் கெலெசோமு.

"தெரியும். அதான் வைக்க மாட்டேன்."

"நா மட்டும் வேற ஊர்லயா சோறு திங்கிறேன்? என் வீட்டுலயும் புள்ளைங்க இருக்கு. மூட்டையப் பிரிச்சுப் போட்டு போட்டோ எடுத்து அனுப்புன்னு சொல்லிட்டாரு. என்ன பண்ணச் சொல்ற என்னை?" கெலெசோமு இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு தானே மருந்தைத் தூவினான். போட்டோவும் எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிலியாட்டி தேவாலயத்தில் எழுந்து நின்றாள். மழை வரும்வரை எலி வேண்டாம் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒருத்தி, "அப்போ களிக்குத் தொட்டுக்க எதத் திங்கிறது? கூரையையா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். பருப்பு தீர்ந்திருந்தது, கீரை காய்ந்திருந்தது. பிலியாட்டி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து கொட்டகை வேலை முடிந்ததும் அவள் பஸ் நிறுத்தத்து அத்திமரத்தடிக்கு வந்துவிடுகிறாள். முன்னால் ஒரு பலகை, பக்கத்தில் மூடி போட்ட தகர டப்பா. போகிறவர் வருகிறவரிடம், "புடிச்சதக் குடுத்துட்டுப் போ. பாத்துட்டுத் தர்றேன்" என்கிறாள். முதல் நாள் யாரும் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் ஜைலோசி கட்டுப்போட்ட கையோடு வந்து, பலகையில் எலிகளைக் கொட்டினான்.

"பாருக்கா. பொண்ணு நல்ல பொண்ணான்னு சொல்லு."

பிலியாட்டி ஒவ்வொன்றாகக் கீறினாள். நான்காவதன் குடல் வானத்தைப்போல நீலமாக இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து, நின்றவர்கள் எல்லாருக்கும் காட்டினாள். நீலமானதை டப்பாவில் போட்டு மூடினாள். மற்றவற்றையும் ஜைலோசி எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது மாலைகளில் பலகைக்கு முன்னால் சிலர் நிற்கிறார்கள். நிற்காமல் போகிறவர்கள்தான் அதிகம். வயிறு கிழித்த எலியைப் பஸ்காரர்கள் வாங்குவதில்லை என்பதால், சாலையில் விற்கிறவர்கள் அவளைக் கண்டால் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்கள். அவள் துரத்திக்கொண்டு ஓடுவாள், கெஞ்சுவாள், பிடுங்கியும் பார்த்திருக்கிறாள். மூச்சிரைக்கத் திரும்பிவந்து பலகைக்குப் பின்னால் உட்காருவாள்.

நேற்று வெயில் தாழும் நேரத்தில் மெலியா வந்தாள். அவள் கையில் துணியால் மூடிய ஒரு பீங்கான் தட்டு. பின்னால் மகள் ஃபானி. அண்ணன் யக்கோபே போனபோது இவள் பால்குடி; இப்போது எலி பிடிக்கும் வயது. முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மெலியா தட்டைப் பலகையில் வைத்துத் துணியை எடுத்தாள். தட்டு நிறைய எலிகள்.

"ஓடவே இல்ல பெரியம்மா" என்றாள் ஃபானி, பெருமையாக.

பிலியாட்டி தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். மெலியா பலகைக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். அக்காளின் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலியாட்டி நகத்தை இடுப்புத் துணியில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு முதல் எலியை எடுத்து மல்லாத்தினாள்.